பதினொன்றில் மிச்சம் ஐந்து: புவெனஸ் ஐரிஸில் சித்தியோடு

முதல் நாள், செவ்வாய்

மூன்று விமானம் மாறி, சித்தியின் முட்டி வலியையும் என் எரிச்சலையும் சுமந்துகொண்டு ஒருவழியாக அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் வந்து சேர்ந்தோம். நமக்கும் இவர்களுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். மே மாதம் என்றால் நமக்குக் கத்திரி வெயில், இங்கே இலையுதிர்காலம் முடிகிற சமயம், ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வண்டியை விட்டு இறங்கியதுமே சித்தி இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.

சித்தியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்புகளில் பாதி அவர் பேச்சாகத்தான் இருக்கப்போகிறது. நில எடுப்பில் தனி தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுஞ்சாலைக்கும் சிப்காட்டுக்கும் நிலம் எடுத்துக் கொடுப்பதிலேயே பாதி ஆயுள் போயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் சாலை அகலத்தைப் பார்ப்பார். எனக்கு இங்கே ஒரு கருத்தரங்கு இருந்தது, அது போன வாரமே ஆன்லைனுக்கு மாறிவிட்டது, டிக்கெட் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்றார்கள். "அப்ப போயிட்டே வரலாம்டி, நானும் வரேன்" என்றார் சித்தி. அப்படித்தான் கிளம்பினோம்.

தங்கியிருப்பது அவெனீதா தெ மாயோவில். மே மாத அவென்யூ என்று அர்த்தம். மாயோ என்று நாம் எழுதினாலும் இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'மாஷோ'தான். 1810 மே 25 அன்று ஸ்பெயின் அரசப் பிரதிநிதியை இறக்கிவிட்டு உள்ளூர்க்காரர்கள் ஆட்சியைக் கையில் எடுத்தார்கள், அந்த மே. ஆனால் சாலையைத் திறந்தது 1894 ஜூலை 9, சுதந்திரப் பிரகடன நாளில். பெயருக்கு ஒரு தேசிய நாள், திறப்பு விழாவுக்கு இன்னொன்று!

எங்கள் ஓட்டல் பழைய கட்டடம், கம்பிக் கூண்டு லிஃப்ட், கதவைக் கையால் இழுத்து மூடினால்தான் நகரும். மூன்றாவது மாடி பால்கனியில் நின்றால் கீழே இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள், இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்வரிசையில் குவிமாடங்கள், இரும்புப் பூவேலை பால்கனிகள், சாம்பல் நிறக் கூரைகள். பாரிஸைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதிவிட்டேன், போதும்.

சித்தி பால்கனிக்கு வரவேயில்லை. ஓட்டலில் கொடுத்த வரைபடத்தை மெத்தையில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்த ஊர் ஸ்பானியர்கள் போட்ட சதுரங்கக் கட்டம். ஒரு கட்டத்தின் பக்கத்துக்குக் குவாத்ரா என்று பெயர், நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழி கேட்டால் 'நாலு குவாத்ரா போங்க' என்றுதான் சொல்வார்கள். கதவு எண்ணும் குவாத்ராவுக்கு நூறு. அதனால் எண்ணைப் பார்த்தே தூரம் சொல்லிவிடலாம்.

"இங்க பாருடி. எல்லாக் கட்டமும் ஒரே அளவு. இந்த ரெண்டு தெருவுக்கு நடுவுல மட்டும் பாதிப் பாதியா இருக்கு. இது இருந்த தெருவை அகலப்படுத்தினது இல்ல. மனைக்கு நடுவுல புதுசா கிழிச்சது."

ரிவதாவியா, இப்போலித்தோ இரிகோஷென் என்று இரண்டு பழைய தெருக்கள். அவற்றுக்கு நடுவே இருந்த கட்டங்களைச் சரிபாதியாக வகுந்து, முப்பது மீட்டர் அகலத்தில், பத்து குவாத்ரா நீளத்துக்கு இழுத்ததுதான் இந்தச் சாலை. ஊர் வந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத ஒரு ஓய்வு பெற்ற தாசில்தார் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவைப் புத்தகத்து வரைபடம்) பார்த்துப் பழகின கண்.

இரண்டாம் நாள், புதன்

காலையில் கிழக்குக் கோடிக்குப் போனோம், பிளாசா தெ மாயோ சதுக்கம். பணம் மாற்ற வழியில் ஃப்ளோரிதா தெருவில் நுழைந்தால் நாலடிக்கு ஒருவர் 'கம்பியோ, கம்பியோ' என்று முணுமுணுக்கிறார். அவர்களுக்கு இங்கே 'குட்டி மரம்' என்று பெயர், நின்ற இடத்திலேயே நிற்பதாலாம். சித்தி அவர்களைப் பார்த்த பார்வையில் ஒருவர் வேறு மரமாக நகர்ந்து போய்விட்டார். வங்கியிலேயே மாற்றிக்கொண்டோம்.

சதுக்கத்தின் ஒரு கோடியில் ஜனாதிபதி மாளிகை காசா ரொசாதா, இளஞ்சிவப்பு. மறுகோடியில் கபில்தோ. ஸ்பானியர் காலத்து நகர மன்றம். வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் கோபுரம், தரையிலும் மாடியிலும் வளைவுகள். 1810 மே மாதக் கூட்டம் கூடியது இங்கேதான், அந்த மே பிறந்ததே இந்தக் கட்டடத்தில்தான் என்று சொல்லலாம்.

சித்தி வளைவுகளை எண்ணினார். ஐந்து. உள்ளே அருங்காட்சியகத்தில் பழைய ஓவியம் ஒன்றின் முன்னால் நின்று மறுபடி எண்ணினார். பதினொன்று.

மிச்சம் ஆறு எங்கே? சாலைக்குப் போயிற்று. 1889-ல் அவெனீதா தெ மாயோ சதுக்கத்துக்குள் நுழைய இடம் வேண்டும் என்று வடக்குப் பக்கம் மூன்று வளைவை இடித்தார்கள், கோபுரத்தையும் சேர்த்து. மே புரட்சியைக் கொண்டாடப் போட்ட சாலைக்காக அந்தப் புரட்சி நடந்த கட்டடத்திலேயே கை வைத்திருக்கிறார்கள், நான் அந்த ஓவியத்தின் முன்னாலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் 1931-ல் தெற்கே மூலைவாட்டில் இன்னொரு அவென்யூ, அதற்கு மூன்று. கடைசியில் 1940-ல் மரியோ புஷியாசோ என்ற கட்டடக் கலைஞர் பழைய படங்களையும் ஆவணங்களையும் பார்த்து, மிச்சம் இருந்ததைக் காலனிக் காலத்துத் தோற்றத்துக்குத் திருப்பி, கோபுரத்தையும் கட்டிக் கொடுத்தார்.

"ஒரு பக்கம் மூணு போனப்ப கோணலா நின்னிருக்கும். இன்னொரு பக்கமும் மூணு எடுத்தாங்களோ இல்லையோ, கோபுரம் நடுவுக்கு வந்துருச்சு" என்றார் சித்தி. "இடிச்சே சரி பண்ணிட்டானுங்க."

சாலை யோசனைக்குச் சொந்தக்காரர் தொர்க்குவாதோ தெ அல்வியார். 1880-ல் இந்த நகரம் கூட்டாட்சித் தலைநகர் ஆனது, 1883-ல் இவர் அதன் முதல் மேயர். பாரிஸ் மயக்கம். சதுக்கத்துக்கு நடுவே குறுக்கே கிடந்த பழைய கடைவரிசையைத் தரைமட்டமாக்கி இரண்டு சதுக்கத்தை ஒன்றாக்கியதும் இவர்தான். 1884-ல் அவென்யூவுக்குச் சட்டம் நிறைவேறியது. திறப்பு விழாவை மட்டும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1890-ல் பாரிஸிலேயே இறந்துபோனார். அவருடைய மகன் பிற்பாடு நாட்டுக்கே ஜனாதிபதி.

இனிமேல்தான் விஷயம். ஊரிலிருந்து கிளம்பும்போதே நான் படித்து வைத்திருந்தேன், சித்தியிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். தொர்த்தோனி காபிக் கடையில் உட்கார்ந்ததும் எடுத்து விட்டேன்.

(தொர்த்தோனி: கதவு எண் 825. 1858-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. 1880-ல் இந்த இடத்துக்கு வந்தபோது அவென்யூவே கிடையாது, வாசல் பின்பக்க ரிவதாவியா தெருவில். அவென்யூ வந்ததும் 1898-ல் இந்தப் பக்கம் புது முகப்பு வைத்துக்கொண்டார்கள். பின்வாசல் இன்னும் இருக்கிறது. 1920களில் இதன் நிலவறையில் ஓவியர்களும் கவிஞர்களும் சங்கம் வைத்திருந்தார்கள். இப்போது வெளியே சுற்றுலாப் பயணிகளின் வரிசை, நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம். காபி சுமார். வண்ணக் கண்ணாடிக் கூரைக்காகப் போகலாம்.)

1884 சட்டம் சொன்னது இது: சாலைக்கு வேண்டிய கீற்று மட்டும் இல்லை, சாலை தொடுகிற மனை முழுவதையும் நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். எடுத்து, சாலை போட்டதும், மிச்ச மனையை ஏறின விலைக்கு விற்று, அந்தக் காசில் செலவை ஈடுகட்டலாம். இசபெல் ஆம்ஸ்ட்ராங் தெ எலொர்த்தோந்தோ என்ற பெண்மணி ஒத்துக்கொள்ளவில்லை. சாலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடு, மிச்சம் என்னுடையது என்றார். உச்ச நீதிமன்றம் வரை போனது. 1888 ஏப்ரலில் தீர்ப்பு, அந்த அம்மாவுக்குச் சாதகமாக. பொது உபயோகத்துக்குத் தேவையானதை மட்டும்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுக்கச் சொன்ன பகுதி அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது அந்த நாட்டில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கிய பழக்கம், அதனால் இன்றைக்கும் சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

சித்தி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தீர்ப்பு சரிதான். ஆனா நஷ்டம் யாருக்கு? ரோடு போட்டதால தானே விலை ஏறுச்சு? ரோடு போட்டது ஊர்க் காசு. முன்னால ஒரு அவென்யூ கிடைச்சு, மிச்ச மனை மூணு மடங்கு விலைக்குப் போயிருக்கும், அதுல ஊருக்கு என்ன வந்துச்சு?"

நான் அந்த அம்மா பக்கம். வீட்டை விட்டுப் போ என்று சொல்கிறவனே அதை விற்று லாபமும் பார்ப்பேன் என்றால் எப்படி? அரை மணி நேரம் வாதாடினோம், பரிமாறுகிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் சித்திதான் சொன்னார், நம் ஊர்ச் சட்டம் இதற்குத் தலைகீழ் என்று. நம்முடைய பழைய நில எடுப்புச் சட்டமும் 1894. இந்தச் சாலை திறந்த அதே வருஷம்! (எனக்குப் புல்லரித்தது, சித்திக்கு இல்லை.) அதில் 49-வது பிரிவு, வீட்டில் ஒரு பகுதியை மட்டும் அரசு கேட்கும்போது, 'பாதி வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, எடுத்தா முழுசா எடு' என்று சொந்தக்காரர் கேட்டால் முழு வீட்டையும்தான் எடுக்க வேண்டும். இங்கே அந்த அம்மா 'பாதியை மட்டும் எடு' என்று வழக்குப் போட்டார். அங்கே 'முழுசா எடு' என்று கேட்க ஒரு பிரிவு.

"யாராவது கேட்டிருக்காங்களா சித்தி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பைபாஸுக்கு எடுத்தப்ப ஒருத்தர். ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முன்கூடம் எல்லாம் ரோட்டுக்குள்ள. பின்கட்டு மட்டும் மிச்சம். அவருக்கு அப்படி ஒரு பிரிவு இருக்குன்னே தெரியாது. நானும் சொல்லல. சொன்னா எஸ்டிமேட் ஏறும், மேல கேள்வி கேப்பாங்க. நஷ்டஈட்டு அவார்டு போட்டோம், சொலேஷியம்னு அதுக்கு மேல முப்பது சதவீதம் குடுத்தோம், கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனார்."

பில் வந்தது. சித்திதான் கொடுத்தார், நான் கொடுக்கிறேன் என்றதும் முறைத்தார்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்றைக்கு வியாழன் என்பதால் மத்தியானம் மறுபடியும் சதுக்கம். வழியில் 575-ஆம் எண், லா பிரென்சா நாளிதழ் கட்டிய மாளிகை, 1898. உச்சியில் விளக்கேந்திய வெண்கலப் பெண். பெரிய செய்தி வந்தால் இங்கிருந்து சைரன் ஊதுவார்கள், 1900-ல் இத்தாலி மன்னர் உம்பெர்த்தோ கொல்லப்பட்ட செய்தி அப்படித்தான் தெருவுக்குத் தெரிந்தது. ஊரில் இத்தாலியர் ஏராளம் என்பதால் எவ்வளவு கூட்டம் கூடியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேன். 1951-ல் ஜனாதிபதி பெரோனின் அரசு பத்திரிகையையே பறித்துக்கொண்டது, அவர் கவிழ்ந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இப்போது நகர அரசின் கலாசார மாளிகை.

சதுக்கத்தின் நடுவே சின்னதாக ஒரு வெள்ளைத் தூண், பிரமிடு என்கிறார்கள். 1811-ல் புரட்சியின் முதலாண்டு நிறைவுக்கு எழுப்பியது. அதையும் விட்டுவைக்கவில்லை, 1912-ல் சுமார் அறுபது மீட்டர் நகர்த்திச் சதுக்கத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஊரில் எதையும் நகர்த்தாமல், வெட்டாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

மூன்றரை மணிக்கு வெள்ளைத் தலைத்துணி கட்டிய பாட்டிகள் வந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில். கூட நூறு பேர் இருக்கலாம். 1976-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு 30,000 பேர். 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார்கள் இந்தத் தூணருகே வந்து நின்றார்கள். கூட்டம் கூடத் தடை, நிற்காதே, நடந்துகொண்டே இரு என்று போலீஸ் விரட்டியது. சரி என்று ஜோடி ஜோடியாகத் தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். அந்த நடைதான் இன்னும் வாரா வாரம். அந்தத் தலைத்துணி, தொடக்கத்தில் பிள்ளைகளுக்குக் குழந்தையில் கட்டிய துணி டயப்பர். தாய்மார்களைத் திரட்டிய அசுசேனா வில்யாஃப்ளோரையே அந்த வருஷம் டிசம்பரில் கடத்திக் கொன்றார்கள், உடல் அடையாளம் தெரிந்தது 2005-ல். அவரது சாம்பல் இந்தத் தூணின் அடியில் இருக்கிறது. சுற்றிலும் தரையில் வெள்ளைத் தலைத்துணிகள் வரைந்திருக்கின்றன, யாரும் அதை மிதிக்காமல்தான் நடக்கிறார்கள்.

சித்தியும் கூட நடந்தார். முட்டி வலி என்று காலையில் படி ஏற மறுத்தவர், முழுச் சுற்று. ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார், சித்தி தமிழில் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்ததா தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை.

திரும்பும்போது சதுக்கத்தின் தென்பக்கம் பொருளாதார அமைச்சகச் சுவரில் குழி குழியாக இருப்பதைக் காட்டினேன். 1955 ஜூன் 16, பெரோனைக் கவிழ்க்க இந்த நாட்டுக் கடற்படை விமானங்களே இந்தச் சதுக்கத்தின்மேல் குண்டு போட்டன. வேலை நாள், மத்தியானம், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் குழிகளைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ராத்திரி இருவருக்கும் பசியில்லை. ஓட்டலில் ஆளுக்கொரு சுப்மரீனோ, சூடான பாலில் சாக்லெட் கட்டியை முக்கிக் கரைத்துக் குடிப்பது.

நான்காம் நாள், வெள்ளி

இன்றைக்கு மேற்கே, காங்கிரஸ் (இவர்களுடைய நாடாளுமன்றம்) வரை முழுச் சாலை. நடப்பதும் சுரங்க ரயிலுமாகக் கலந்து.

சுரங்க ரயிலை இங்கே சுப்தே என்கிறார்கள். இந்தச் சாலைக்கு அடியில் ஓடுகிற ஏ பாதைதான் லத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது, 1913 டிசம்பர் 1. அதாவது சாலை போட்டு இருபது வருஷம்கூட ஆகவில்லை, மறுபடி அதைப் பிளந்து, பாதை பதித்து, மூடினார்கள். மேலிருந்து தோண்டி மூடியது என்பதால் ஆழமே கிடையாது, ஒரு நடை படி இறங்கினால் நடைமேடை. சித்திக்கு அது ஒன்றுதான் பிடித்தது. பெரூ நிலையத்தில் பழைய காலத்து விளம்பரங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். நிலையத்துக்கு நிலையம் சுவர் ஓட்டுப் பட்டையின் நிறம் வேறு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று செய்ததாகச் சொல்கிறார்கள். ரயில் இடது பக்கம் ஓடுகிறது, ஏனென்றால் 1945 வரை இந்த நாட்டு வண்டிகளும் நம்மைப் போல இடதுதான். மேலே வலதுக்கு மாறினார்கள், கீழே மாறவில்லை. பெல்ஜியத்தில் செய்த மரப் பெட்டிகள் 2013 ஜனவரி வரை ஓடின, கிட்டத்தட்ட நூறு வருஷம். அதில் ஏற முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

லீமா நிலையத்தில் ஏறி வெளியே வந்தால் வெட்டவெளி. ஜூலை 9 அவென்யூ, 140 மீட்டர் அகலம். மாயோவை அமைக்கக் கட்டங்களைப் பாதியாகப் பிளந்தார்கள் என்றேன் இல்லையா, இதற்கு ஒரு வரிசைக் கட்டங்களை முழுசாகவே துடைத்துவிட்டார்கள். 1937-ல் முதல் பகுதி திறந்தது, வேலை பல பத்தாண்டு இழுத்தது. வடக்கே ஓபெலிஸ்கோ தூண். தெற்கே சாலை நடுவிலேயே பொதுப்பணித் துறைக்காகக் கட்டிய ஒரு கட்டடம், அதில் பல மாடி உயரத்துக்கு பெரோனின் மனைவி எவீத்தாவின் இரும்பு முகம். 1951 ஆகஸ்டில் துணை ஜனாதிபதி பதவிக்கு நிற்கச் சொல்லி இங்கே பெருங்கூட்டம் அவரைக் கேட்டது, ஒன்பது நாள் கழித்து வானொலியில் மறுத்துவிட்டார், அடுத்த வருஷம் புற்றுநோயில் போய்விட்டார். மூன்று முறை சிக்னல் மாறிய பிறகுதான் சித்தியால் அக்கரை சேர முடிந்தது. "இது ரோடு இல்லடி, ஏரி" என்றார்.

இந்தச் சந்திப்புப் பக்கம் நடைபாதையில் சின்ன நினைவுக் கற்கள் பதித்திருக்கிறார்கள், குனிந்து பார்த்தால்தான் தெரியும். 2001 டிசம்பரில் வங்கியில் போட்ட பணத்தை எடுக்க முடியாதபடி அரசு முடக்கியது, மக்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், 20-ஆம் தேதி இந்தப் பகுதியில் போலீஸ் சுட்டதில் இறந்தவர்களுக்கான கற்கள் அவை. அன்று மாலை ஜனாதிபதி தன் மாளிகைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார்.

இங்கிருந்து மேற்கே ஸ்பானியர் பேட்டை. 1914 கணக்கெடுப்பில் நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் இந்தச் சாலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள், அவர்களுடைய ஓட்டல், நாடக அரங்கு, பத்திரிகை எல்லாம் இங்கே. அங்கே 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கேயும் சண்டை. சால்தா தெரு முனையில் எதிரும் புதிருமாக இரண்டு காபிக் கடை, ஒன்றில் குடியரசுக்காரர்கள், மற்றதில் அவர்களை எதிர்த்த தளபதி பிராங்கோவின் ஆட்கள், நாற்காலிகள் சாலையைத் தாண்டிப் பறந்திருக்கின்றன. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் விடவில்லை! அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஸ்பானியக் கவிஞர் லோர்க்கா 1933 அக்டோபரில் வந்து, இங்கே கஸ்தெலார் ஓட்டலில் சுமார் ஆறு மாதம் தங்கினார். அவருடைய நாடகத்துக்கு அவெனீதா அரங்கில் நல்ல வரவேற்பு. ஊர் திரும்பியவரைப் போர் தொடங்கிய முதல் மாதங்களிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இங்கேயே இருந்திருக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது.

அப்புறம் 1370, பலாசியோ பரோலோ. எனக்கு இந்தச் சாலையில் மிகப் பிடித்தது இதுதான், கொஞ்சம் பைத்தியக்காரத்தனமான கட்டடம். லூயிஸ் பரோலோ என்ற துணி வியாபாரி செலவழித்தார், மரியோ பலந்தி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் கட்டினார், 1923-ல் முடிந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் நூறு காண்டம், கட்டடம் நூறு மீட்டர். கீழே நரகம், நடுவில் கழுவாய் உலகம், மேலே சொர்க்கம். உச்சியில் கலங்கரை விளக்கம். நதிக்கு அக்கரையில் உருகுவே நாட்டு மொந்தெவிதேயோவில் இதே ஆள் கட்டிய இரட்டைக் கட்டடம் ஒன்று உண்டு, இரண்டும் ஒளியால் பேசிக்கொள்ள வேண்டும் என்பது ஆசை. 1930களின் நடுப்பகுதி வரை ஊரிலேயே உயரமானது.

நரகத்தில் இப்போது சாவிக் கொத்தோடு வாயிற்காப்போன் உட்கார்ந்திருக்கிறார், மாடிகளில் வக்கீல்களும் கணக்கர்களும். லிஃப்ட் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும், மேலே குறுகலான படி. சித்தி கழுவாய் உலகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "சொர்க்கம் நீ போயிட்டு வா." விளக்குக் கூண்டிலிருந்து மேற்கே காங்கிரஸின் பச்சைக் குவிமாடம் தெரிகிறது, கிழக்கே மரங்களுக்கு நடுவே சாலை நேர்க்கோடாகப் போய்ச் சதுக்கத்தில் முடிகிறது. மேலிருந்து பார்க்கும்போது சித்தி முதல் நாள் சொன்னது கண்ணுக்கே தெரிகிறது, கட்டடங்கள் எல்லாம் ஒல்லியாக, முன்னால் ஒரு தெரு, முதுகில் ஒரு தெரு. பரோலோவுக்கே இரண்டு பக்கமும் வாசல்.

காங்கிரஸ் கட்டடத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1906-ல் திறந்தது. வடிவமைத்த வித்தோரியோ மெயானோ அதைப் பார்க்கவில்லை, 1904-ல் வீட்டிலேயே, முன்பு வேலை பார்த்த ஆளால் சுடப்பட்டு இறந்தார். அல்வியார் மாதிரி இவரும். ஒரு கோடியில் ஜனாதிபதி, மறுகோடியில் நாடாளுமன்றம், நடுவே இந்தச் சாலை. ஊர்வலம் என்றால் வேறெங்கே போவார்கள்? இன்றைக்கும் ஆசிரியர்கள் ஊர்வலம் ஒன்று மேளத்தோடு போனது. சித்தி கோஷத்தின் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே நின்றார், எதற்குப் போராட்டம் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள், சனி, மே 25

நாளைக்கு விமானம். இன்றைக்கு இவர்களுக்கு விடுமுறை. எல்லோர் நெஞ்சிலும் வெளிர்நீலமும் வெள்ளையுமாகச் சின்ன ரிப்பன் வட்டம். ஓட்டல் பையன் எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று குத்திவிட்டான், சித்திக்கு ஸ்வெட்டரில்.

சதுக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம், மாத்தே என்ற இலைச் சாறு ஊற்றிய சுரைக்குடுவையைக் கைமாற்றிக் கைமாற்றி உறிஞ்சுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கால உடுப்பில், மீசையைக் கரியால் வரைந்துகொண்டு, குடை பிடித்துக்கொண்டு. 1810-ல் அன்றைக்கு மழை, அதனால் பள்ளிப் படங்களில் எல்லாம் குடை. அந்தக் காலத்தில் குடை வாங்க வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்களாம், பிள்ளைகள் விடுவதாக இல்லை.

கபில்தோ வாசலில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், அட்டையில் செய்த கபில்தோவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். ஷூ பெட்டி, வெள்ளைப் பெயிண்ட், கோபுர உச்சியில் குச்சிக் கொடி. வளைவுகளைக் கத்தரியால் வெட்டியிருந்தான், கொஞ்சம் கோணல். சித்தி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். பையனும் சேர்ந்து ஸ்பானிய மொழியில் எண்ணினான். ஐந்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

பதினொன்று.

"முழுசா செஞ்சிருக்கான் பாரு" என்றார். அப்புறம் என்னைப் படம் எடுக்கச் சொன்னார், தன்னை இல்லை, பெட்டியை மட்டும். பையனின் அம்மா சரி என்று தலையசைத்தார், எடுத்தேன்.

அதன்பிறகு லோக்ரோ சாப்பிடப் போனோம். வெள்ளைச் சோளம், பூசணி, பீன்ஸ், இறைச்சி எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிற கெட்டிக் குழம்பு, இந்த நாளில் இங்கே எல்லா வீட்டிலும் அதுதான். வரிசை சாலையின் பாதி வரை நின்றது. நிற்கும் நேரத்தில் சித்தி போனை வாங்கி, அந்தப் பெட்டிப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்து வளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் எனக்குக் காரம் கூடுதலாக, தனக்கு இறைச்சி இல்லாமல் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கிடைக்கவில்லை. எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.